‘நாளைக்கு வந்துடும்’ என்று சொல்லாத மெர்ச்சண்டைசர்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில், ஆர்டரைத் தேதிக்குள் முடித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர் மெர்ச்சண்டைசர். அவரைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது இதுதான்: “அவங்க தேதி சொன்னா நம்பலாமுங்களா?” படிப்பு, பதவி, முன்பு எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பதெல்லாம் அப்புறம். டையிங்காரர் கேட்பதும் இதைத்தான், பிரிண்டிங்காரர் கேட்பதும் இதைத்தான், ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு ஆர்டர் கொடுக்கும் பையர் தெரிந்துகொள்ள நினைப்பதும் இதைத்தான். பெர்சனல் பிராண்ட் என்று பயிற்சி வகுப்புகளில் இரண்டு நாள் நடத்துகிறார்கள். எங்கள் ஊரில் அதை அளக்க இந்த ஒரு கேள்வி போதும்.

நான் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசிங் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். டிரெய்னியாகச் சேர்ந்தேன், இப்போது ஒரு சின்ன டீமைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலையில் ஒருவருக்குப் பெயர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, டீம் கைக்கு வந்தபிறகு அந்தப் பெயரை என்ன செய்வது என்று பார்த்துப் பழகியதை எழுதுகிறேன்.

பனியன் தொழிலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டர் கையெழுத்தானதும் நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்தி எடுப்பது), பிரிண்ட், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாகப் போகும். இதில் பெரும்பகுதி ஜாப் ஒர்க், அதாவது வெளியாட்களிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்வது. நிட்டிங் ஒரு முதலாளி, டையிங் இன்னொருவர், பிரிண்டிங் மூன்றாமவர், நெருக்கடி என்றால் தையலில் பாதி ஏதோ ஒரு பவர் டேபிளுக்கு (சின்னத் தையல் யூனிட்) போகும். இவர்கள் எல்லோரையும் ஒரே தேதியை நோக்கி நகர்த்த வேண்டியவர் மெர்ச்சண்டைசர். அவர்களில் ஒருவர்கூட அவரிடம் சம்பளம் வாங்குவதில்லை. அதிகாரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் சொந்தப் பெயரை வைத்துத்தான் வேலை வாங்கியாக வேண்டும்.

நான் சேர்ந்தபோது இரண்டு சீனியர்கள் இருந்தார்கள். ஒருவர் நல்ல இங்கிலீஷ். பையர் வந்தால் ஏர்போர்ட்டுக்கு அவர்தான் போவார், பிரசன்டேஷன் அவருடையதுதான் நன்றாக இருக்கும். இன்னொருவரை எல்லோரும் அண்ணா என்றே கூப்பிடுவோம். அவருடைய மெயில் நான்கு வரி இருக்கும், அதில் இலக்கணப் பிழை இரண்டு இருக்கும். ஆனால் ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ள வேண்டும் என்று அண்ணா எழுதினால், பெரும்பாலும் மறுநாளே ‘சரி’ என்று பதில் வந்துவிடும். மற்றவர் கேட்டால் ‘ஏன், எப்படி, ஆதாரம் அனுப்புங்கள்’ என்று வரும், கூடவே இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து ஆள் வருவார். ஒரே பையர், ஒரே கம்பெனி. இது எனக்கு வெகுநாள் புரியவில்லை.

அண்ணாவின் மெயில்களைப் பழைய ஃபோல்டரில் வரிசையாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. அவர் கெட்ட செய்தியை அது கெட்ட செய்தியாகத் தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்.

ஒரு நேவி கலர் ஆர்டரை வைத்துச் சொல்கிறேன். லேப் டிப் (முதலில் சாயம் போட்டுக் காட்டும் சின்ன மாதிரித் துண்டு) பையரிடம் அப்ரூவல் ஆகியிருக்கும். மொத்தத் துணிக்கும் சாயம் போடும் பல்க் டையிங்கில் அதே நேவி கொஞ்சம் சிவப்படித்து வரும். வெவ்வேறு விளக்கில் கலர் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சம் மாதிரியான டி65 விளக்கில் பார்த்தால் பரவாயில்லை போலிருக்கும், கடை விளக்கான டிஎல்84-இல் வைத்தால் வித்தியாசம் கண்ணில் குத்தும். இந்த இடத்தில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர், “ரீ-டையிங் போடுங்க, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் பையருக்கு எதுவும் எழுதாமல் காத்திருப்பார். சரியாகவில்லை என்றால், ஷிப்மென்ட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது மெயில் போகும். அண்ணா அன்று மாலையே ஸ்வாட்ச் (சின்னத் துணித் துண்டு) வெட்டி கூரியரில் போட்டுவிடுவார். மெயிலில் இருப்பது இவ்வளவுதான்: பல்க் ஷேடு சிவப்படித்திருக்கிறது, ஸ்வாட்ச் அனுப்பியிருக்கிறேன். இதையே ஏற்றுக்கொண்டால் தேதி மாறாது. ரீ-டையிங் என்றால் எட்டு நாள் தள்ளும், துணியின் வலிமையும் கொஞ்சம் குறையும். வியாழக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.

பையர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இதன் அருமை தெரியும். மூன்று நான்கு வாரம் முன்னால் தெரிந்தால் அவர் கையில் வழிகள் இருக்கின்றன. கப்பலை மாற்றலாம், பாதியை முதலில் அனுப்பச் சொல்லலாம், கடையில் அந்த ஸ்டைலை அடுத்த வாரத்துக்கு வைக்கலாம், அல்லது அந்த ஷேடையே ஒத்துக்கொள்ளலாம். மூன்று நாள் முன்னால் தெரிந்தால் டிஸ்கவுண்ட், ஏர் ஷிப்மென்ட், கேன்சல், இந்த மூன்றைத் தவிர வேறில்லை. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்தபின் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதலாகக் கடலிலேயே போய்விட்டது. முன்பு தூத்துக்குடியில் ஒரு கப்பலை விட்டால் அடுத்ததில் ஏற்றிச் சமாளித்த மாதிரி அப்போது முடியவில்லை. அந்தக் காலத்தில், சீக்கிரம் சொல்பவர்களின் மெயிலைப் பையர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்று நேரிலேயே பார்த்தேன்.

கெட்ட செய்தி மெயிலுக்கு அண்ணாவிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் இது. முதல் வரியிலேயே பிரச்சினை இருக்க வேண்டும். ‘தங்கள் நலமறிய ஆவல்’ மாதிரி ஆரம்பித்து மூன்றாவது பத்தியில் குண்டு போடக் கூடாது. அடுத்தது, தேதியில் என்ன மாறுகிறது, எத்தனை பீஸில் மாறுகிறது. பத்தாயிரத்தில் ஒரு கலர் இரண்டாயிரம் மட்டும் தாமதம் என்றால் மீதி எட்டாயிரம் சரியாக வரும் என்பதையும் சொல்ல வேண்டும், பலர் பதற்றத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். கடைசியில், அவரிடமிருந்து நமக்கு என்ன முடிவு, எப்போதுக்குள் வேண்டும். காரணத்துக்கு ஒரு வரி போதும். மழை, கரண்ட், ஆள் பற்றாக்குறை என்று நீட்டினால் யாரும் படிப்பதில்லை. அதுவும் தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று எழுதுபவர்களை நான் மன்னிப்பதே இல்லை. தீபாவளி என்றைக்கு என்று காலண்டரில் போன வருடமே போட்டிருந்தது. தென்மாவட்டத்துக்காரர்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் போவார்கள், திரும்பி வர நாளாகும். அது டி அண்ட் ஏ சார்ட்டில் (எந்த வேலை எந்தத் தேதியில் என்ற அட்டவணை) முதல் நாளே இருக்க வேண்டிய விஷயம்.

2011 ஜனவரி இறுதியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் டையிங் யூனிட்டுகளை மூட உத்தரவிட்டபோது இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். துணி வெளியூருக்கு, வெளிமாநிலத்துக்கெல்லாம் சாயத்துக்குப் போனது. உத்தரவு வந்த வாரமே ‘நிலைமை இது, எனக்கு இவ்வளவு நாள் கூடுதலாக வேண்டும்’ என்று எழுதியவர்கள் பலருக்குப் பையர் நிலைத்தார். ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்று எழுதியவர்களுக்கு, டிவியில் செய்தி பார்த்துவிட்டுப் பையரே போன் போட்டாராம்.

சரி, இது வெளியே. ஊருக்குள் பெயர் எடுப்பது இன்னும் நுணுக்கம்.

டையிங்கிற்குப் போன் போட்டு, “மாஸ்டர், துணி எப்பங்க வரும்?” என்று கேட்டால் “நாளைக்கு வந்துடும் மேடம்” என்பார். அவர் பொய் சொல்ல நினைத்துச் சொல்வதில்லை. அவருக்கு அன்று அப்படி நாற்பது போன் வருகிறது, நாளைக்கு என்றால்தான் போனை வைப்பார்கள். நம் ஆள் அந்த ‘நாளைக்கு’ என்பதை அப்படியே மெயிலில் ஒரு தேதியாக மாற்றி பையருக்கு அனுப்பிவிடுவார். பொய் பிறக்கும் இடம் அதுதான்.

கேள்வியை மாற்ற வேண்டும். “மாஸ்டர், என் துணி இப்ப எங்கீங்க இருக்குது? சாயத்துல ஓடிட்டு இருக்குதா, ட்ரையர்லயா, காம்பாக்டிங் போயிடுச்சா?” இதற்கு மழுப்பலான பதில் சொல்வது கஷ்டம். “இன்னும் மெஷின்ல ஏத்தலைங்க” என்று வந்தால், ‘நாளைக்கு’ இல்லை என்று நமக்கே தெரியும். வரப்போவதைக் கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கும். இப்போது இருக்கும் நிலையைக் கேட்டால் தகவல் கிடைக்கும். என் டீமில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் சொல்லித் தருவது இதை மட்டும்தான்.

அதே மாஸ்டர் உண்மையைச் சொன்னதற்காக அவரைத் திட்டினால் அடுத்த முறை மறுபடியும் ‘நாளைக்கு’தான். அவர் சொன்ன நிலையை வைத்து நாம் ஏதாவது செய்து காட்ட வேண்டும். “சரிங்க, அப்ப கழுத்துக்கான ரிப் துணியை முதல்ல ஏத்துங்க, பாடி துணி அடுத்த நாள் வந்தா போதும், கட்டிங்கை நான் மாத்திக்கறேன்” என்று சொல்லும்போது, உண்மை சொன்னதால் அவருக்கும் வேலை லேசாகிறது. அப்புறம் அவரே போன் போடுவார். என் டையிங் மாஸ்டர் ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, “மேடம், ஜிஎஸ்எம் 180 கேட்டிருந்தீங்க, 168தான் நிக்குது, என்ன பண்ணலாம்” என்று கேட்ட அன்று, சம்பள உயர்வு வந்த மாதிரி இருந்தது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கேட்டதிலிருந்து அஞ்சு சதவீதம் வரை பையர்கள் பொதுவாக விடுவார்கள். 168 என்பது அதற்கும் கீழே. அதைத் துணியாக இருக்கும்போதே தெரிந்துகொள்வதற்கும், தைத்து மடித்துப் பெட்டியில் போட்டபின் இன்ஸ்பெக்டர் ரவுண்ட் கட்டர் வைத்து வெட்டி எடை போட்டுச் சொல்வதற்கும் எவ்வளவு பண வித்தியாசம் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜாப் ஒர்க்காரர் பில் அக்கவுண்ட்ஸில் தூங்கிக்கொண்டிருந்தால், நம் வேலை அவரிடம் தூங்கும். பில் பாஸ் பண்ணுவது மெர்ச்சண்டைசர் கையில் இல்லை, ஆனால் அக்கவுண்ட்ஸில் போய் ஒரு வார்த்தை கேட்பது நம் கையில் இருக்கிறது. ‘இந்தம்மா நம்ம பில்லுக்காகப் பேசுச்சு’ என்ற பேச்சு ஊரில் வெகு வேகமாகப் பரவும்.

டீம் கைக்கு வந்தபிறகுதான் பெரிய சிக்கல். நான் கெட்ட செய்தியை உடனே சொல்லலாம், எனக்கு யார் சொல்வது? ஜூனியர் தெரிந்தும் இரண்டு நாள் மறைத்தால், என் பெயரில் போகும் மெயில் இரண்டு நாள் தாமதம்.

தையல் லைனில் ட்ராஃபிக் லைட் என்று ஒரு முறை பல ஃபேக்டரிகளில் இருக்கிறது. செக்கர் ஒவ்வொரு மெஷினாகப் போய் ஏழு பீஸ் எடுத்துப் பார்ப்பார். பழுது இல்லையென்றால் பச்சை அட்டை, இருந்தால் சிவப்பு அட்டையை மெஷின் மேல் மாட்டுவார். நல்ல ஏற்பாடு. நான் பார்த்த ஒரு ஃபேக்டரியில், சிவப்பு மாட்டிய டெய்லரை ஃப்ளோர் இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும் கத்துவார். கொஞ்ச நாளில் அந்த லைன் முழுக்கப் பச்சையாகிவிட்டது. பையர் விசிட்டில் பார்க்க அழகாக இருந்தது. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் சரக்கு ஃபெயில். ஐயாயிரம் பீஸ் லாட்டில் 200 பீஸ் எடுப்பார்கள். ஏக்யூஎல் (எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) 2.5 என்றால் பெரிய பழுது பத்து வரை பாஸ், பதினொன்றாவது வந்தால் ஃபெயில். பத்து எங்கே, அங்கே வந்தது எங்கே! டெய்லர்களுக்குத் தையல் மறந்துபோகவில்லை. செக்கருக்குச் சிவப்பு அட்டையை எடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஹார்வர்டில் மேலாண்மைப் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் அதிகமாக வந்தது. அந்தக் குழுக்களில் நர்ஸுகள் தவறை வெளிப்படையாகச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் கண்டுகொண்ட விளக்கம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பச்சை லைன்தான் ஞாபகம் வந்தது.

என் டீமில் நடைமுறையாகச் சிலவற்றைப் பழக்கியிருக்கிறேன். காலையில் எல்லோரும் நின்றபடியே கால் மணி நேரம் பேசுவோம். ‘எல்லாம் போயிட்டு இருக்கா?’ என்று நான் கேட்பதில்லை. அதற்குப் பதில் எப்போதும் ‘போயிட்டு இருக்குதுங்க’தான். “இன்னிக்கு எது இடிக்குது?” என்றே ஆரம்பிப்பேன். ஒன்றும் இடிக்கவில்லை என்று யாராவது தொடர்ந்து சொன்னால் மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஃபைலைப் பார்ப்பேன், சந்தேகப்பட்டு இல்லை, பெரும்பாலும் அந்தப் பிள்ளை வேலையில் மூழ்கி மேலே வர முடியாமல் இருக்கும். பிரச்சினையைச் சொன்னவரிடம் முதல் ஐந்து நிமிடம் ‘ஏன்’ என்று கேட்பதில்லை. துணி எங்கே இருக்கிறது, எத்தனை கிலோ, எத்தனை பீஸ், கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கட்-ஆஃப் என்றைக்கு. ஏன் என்ற கேள்வி சாப்பாட்டுக்கு அப்புறம். கேட்காமல் விடுவதில்லை, நேரம் பார்த்துக் கேட்பது.

மெயில் விஷயத்தில் பல மேனேஜர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜூனியர் தயாரித்ததை வாங்கித் தங்கள் பெயரில் அனுப்புவார்கள். நான் ஜூனியர் பெயரிலேயே போகச் சொல்வேன், என்னை சிசியில் போட்டால் போதும். இங்கிலீஷ் முன்னே பின்னே இருந்தாலும் திருத்துவதில்லை, எண்ணும் தேதியும் தவறாக இருந்தால் மட்டும் திருத்துவேன். சில மாதத்தில் பையர் நேராக அந்தப் பிள்ளைக்கே எழுத ஆரம்பிப்பார். ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தும், மறைக்க வேண்டாம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆர்டர் நகரும். திட்டு வரும்படியான மெயில்களை மட்டும் நான் அனுப்புவேன். நல்ல செய்தியில் பிள்ளைகள் பெயர், கெட்ட செய்தியில் என் பெயர். இதை யாரிடமும் அறிவிக்கவில்லை. அவர்களே கவனித்துக்கொண்டார்கள்.

பெண்ணாக இருப்பதால் கூடுதலாக ஒன்று. ஃப்ளோரில் கட்டிங் மாஸ்டர்கள் வயதில் மூத்தவர்கள், முதல் வருடம் முழுக்க நான் அவர்களுக்குப் ‘பாப்பா’. குரலை உயர்த்தி மேடம் ஆக முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன், பலிக்கவில்லை. எனக்கு உதவியது துணி தெரிந்திருந்ததுதான். மார்க்கரில் (துணியில் வெட்டும் துண்டுகளை அடுக்கிக் காட்டும் வரைபடம்) ஒரு பேட்டர்னைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு துணி மிச்சம் என்று கட்டிங் டேபிளில் நின்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, ஒரு மாஸ்டர் தானாகவே “வாங்க மேடம்” என்றார்.

லிங்க்ட்இன் பற்றியும் கேட்பார்கள். எழுதலாம், நல்லதுதான். ஆனால் ‘பெருமையுடன் அறிவிக்கிறேன்’ என்ற பதிவுகளால் இந்தத் தொழிலில் யாருக்கும் ஆர்டர் வந்து நான் பார்க்கவில்லை. ஸ்பைராலிட்டி (துவைத்தபின் பின்னல் துணி முறுக்கிக்கொள்வது) எப்படிக் குறைத்தோம், ஆர்கானிக் நூலுக்கு ட்ரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட் (விற்ற நூல் ஆர்கானிக்தான் என்பதற்கான சான்று) வாங்குவதில் எங்கே மாட்டுகிறது என்று எழுதும் ஆட்களை மற்ற கம்பெனிக்காரர்களும் படிக்கிறார்கள். பையர் பெயர், கடைக்கு வராத டிசைன், இரண்டையும் போடவே கூடாது. சாம்பிள் ரூமில் செல்ஃபி எடுத்துப் போட்டு, பின்னால் ஹேங்கரில் அடுத்த சீசன் கலெக்‌ஷன் தெரிந்ததால் வேலை போன கதையும் ஊரில் உண்டு.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது பல ஆர்டர்கள் அப்படியே நின்றன. அந்த மாதங்களில் ஆள் குறைத்த இடங்கள் இருந்தன. அப்படி வேலை போன, எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தியை, அவள் ரெஸ்யூமே அனுப்புவதற்கு முன்பே இன்னொரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னது ஒரு பிரிண்டிங் யூனிட்காரர்.

இந்தப் பெயருக்கு ஒரு விலையும் இருக்கிறது. நம்பலாம் என்று ஆகிவிட்டால் மற்றவர்கள் கெடுத்து வைத்த ஆர்டரெல்லாம் நம் மேஜைக்கு வரும். முதலாளிக்கு அது பாராட்டு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை போகும். நான் இப்போது அப்படி ஒன்று வந்தால், “எடுத்துக்கறேங்க, பதிலுக்கு இந்த ரெண்டுல எதை யார்கிட்டக் குடுக்கலாம்?” என்று அப்போதே கேட்டுவிடுவேன். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டால் கேட்கவே முடியாது.

கடைசியாக, பல ஜூனியர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் ஒன்று. முதலாளியே, “இப்ப சொல்லாதீங்க, பாத்துக்கலாம்” என்றால் என்ன செய்வது? இது அடிக்கடி நடக்கும், அவரையும் குறை சொல்ல முடியாது, பையர் கேன்சல் பண்ணினால் கடன் அவர் தலையில். அவரோடு நியாயம் பேசிப் பயனில்லை, கணக்கைக் காட்ட வேண்டும். பத்தாயிரம் டிஷர்ட், ஒன்று 180 கிராம் என்றால் பெட்டியோடு சேர்த்து கிட்டத்தட்ட இரண்டு டன். ஏர் ஷிப்மென்ட் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 6 லட்சம். பீஸ் 280 ரூபாய் ஆர்டரில் மொத்தமே 28 லட்சம். இன்று சொன்னால் கப்பல், பத்து நாள் கழித்துச் சொன்னால் இந்த 6 லட்சம், என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்தால் பாதிப் பேர் அங்கேயே “சரி, எழுதிருங்க” என்பார்கள். மீதிப் பேரிடம் ஒரு நாள் குறித்து வாங்குங்கள்: “புதன்கிழமைக்குள்ள துணி வரலைன்னா எழுதிடலாமுங்களா?” அதற்குப் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். அந்தப் பேச்சை அன்றே ஒரு உள் மெயிலாகப் போட்டு வையுங்கள், புதன்கிழமை யாருக்கும் மறக்காது.

புதன்கிழமையும் தள்ளி, அடுத்த புதனும் தள்ளி, உங்கள் பெயரில் பொய்த் தேதி போய்க்கொண்டே இருந்தால் வேறு கம்பெனி பாருங்கள். அவினாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் மெர்ச்சண்டைசர் தேவை என்ற போர்டு இல்லாத நாளில்லை. ஆனால் போவதற்கு முன், கையில் இருக்கும் ஆர்டர்களின் உண்மையான நிலையை எழுதி அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் பாவம், முதல் நாளே ‘துணி எங்கே’ என்று தேட ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.